விண்டோஸ் 10க்குப் பிறகு: வேலைக் கணினியை மாற்றுவதா, அப்படியே வைத்திருப்பதா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்த இந்த இயங்குதளம் பத்து வருடங்களாகப் பத்திரிகை அலுவலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் போட்டோக் கொப்பிக் கடைகளிலும் எங்கள் வீட்டு மேசைகளிலும் ஓடியது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒக்டோபர் 15ஆம் திகதி காலை எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. வழமைபோலத் திறந்தது, வழமைபோல வேலை செய்தது. அதனால்தான் பலர் இந்தத் திகதியைக் கவனிக்கவேயில்லை.

நான் கணினி திருத்தக் கொடுக்கும் யாழ்ப்பாணத்துக் கடை அண்ணையிடம் இதைப்பற்றிக் கேட்டபோது, “ஓடுற வண்டியை ஏன் தங்கச்சி கழட்டுறீங்கள்?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். வேலைக் கணினி என்பது அரைகுறையாக எழுதிய கட்டுரைகளும் பழகிய விசைப்பலகையும் அச்சுப்பொறியும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் ஓர் ஏற்பாடு. அதில் கைவைத்தால் ஒரு வார வேலை போகலாம். சுயாதீன ஊடகவியலாளருக்கு ஒரு வார வேலை என்பது ஒரு வார வருமானம்.

ஆனால், என் கணினியில் இருப்பவை என்னுடையவை மட்டுமல்ல. காணி விடுவிப்புக் கோரும் குடும்பங்கள் தந்த ஆவணங்களின் பிரதிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருடன் கதைத்த ஒலிப்பதிவுகள், பெயர் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையில் கதைத்த அரச உத்தியோகத்தர்களின் தொலைபேசி இலக்கங்கள் ஆகியவையும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே, இயங்குதளத்தை மாற்றுவதா என்ற கேள்வியை நான் வேகம், அழகு, புதிய வசதிகள் என்ற பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. இந்த மனிதர்களின் பெயர்கள் இருக்கும் பெட்டியின் பூட்டை இனி யார் பராமரிப்பார்கள் என்பதே எனது கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது சேகரித்தவற்றை, இதே முடிவை எடுக்கவேண்டியிருக்கும் ஊடகவியலாளர்கள், சட்டத்தரணிகள், சிவில் சமூகப் பணியாளர்கள் ஆகியோருக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

நின்றது எது, நிற்காதது எது?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். இருக்கும் இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைத்து மாதந்தோறும் வருவது புதுப்பிப்பு. ஒரு இயங்குதளத்திலிருந்து அடுத்ததுக்குப் போவது மேம்படுத்தல். விண்டோஸ் 10க்கு நின்றது முதலாவது. மைக்ரோசொஃப்ட் தனது பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. எங்கள் நேரப்படி அன்று இரவு பத்தரை மணிக்குப் பிறகு அவை வரத் தொடங்கும். அந்தப் பட்டியலில் சாதாரண விண்டோஸ் 10 கணினிகளுக்கு இனி இடமில்லை.

சில விடயங்கள் தொடர்கின்றன. விண்டோஸுடன் வரும் டிஃபென்டர் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கான அடையாளப் பட்டியல்கள் 2028 ஒக்டோபர் வரை வரும். எட்ஜ் உலாவியும் குறைந்தது அதுவரை விண்டோஸ் 10இல் புதுப்பிக்கப்படும். சந்தா கட்டிப் பாவிக்கும் மைக்ரோசொஃப்ட் 365 செயலிகளுக்கும் 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. ஆனால், எங்கள் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சந்தா இல்லாத பழைய ஒஃபிஸ். ஒஃபிஸ் 2016, ஒஃபிஸ் 2019 இரண்டுக்குமான ஆதரவும் அதே 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியே முடிந்துவிட்டது. இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. மின்னஞ்சலில் வரும் வேர்ட் கோப்புகளைத் திறப்பதே வேலையாக இருப்பவர்களுக்கு இது இயங்குதளத்துக்கு அடுத்த பெரிய ஓட்டை.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். அது உள்ளே வருபவரின் முகத்தைப் பார்த்துத் தடுக்கும் காவலாளி. சுவரில் ஓட்டை இருந்தால் காவலாளி வாசலில் நிற்பதில் முழுப் பயனில்லை. அத்துடன், விண்டோஸ் 10உம் 11உம் ஒரே அடித்தளத்தின் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸ் 11இல் ஓர் ஓட்டை அடைக்கப்படும்போது, அடைப்பதற்கு முந்திய கோப்பையும் பிந்திய கோப்பையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் தாக்குபவர்கள் கண்டுபிடிப்பது வழக்கம். அதே ஓட்டை விண்டோஸ் 10இலும் இருந்தால் அது திறந்தபடியே இருக்கும். அதாவது, ஆதரவு முடிந்த இயங்குதளத்தின் ஆபத்து ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. மாதத்துக்கு மாதம் சேர்ந்துகொண்டு போகிறது.

பிற்போட்டதன் விலை

2017 மே 12ஆம் திகதி வன்னாகிரை என்ற கப்பம் கோரும் மென்பொருள் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் கணினிகள் பூட்டப்பட்டு, நோயாளிகளின் சந்திப்புகள் ஆயிரக்கணக்கில் இரத்தாகின. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசொஃப்ட் அதே வருடம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். அடைப்பு இருந்தது, போடப்படவில்லை. இன்றைய விண்டோஸ் 10 கணினியின் நிலை அதைவிட மோசம்: போட விரும்பினாலும் அடைப்பு வராது.

எங்கள் நாட்டு உதாரணம் இன்னும் தெளிவானது. 2023 ஓகஸ்டில் அரச முகில் கணினிச் சேவையை ஒரு கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. அரசாங்கத்தின் மின்னஞ்சல் முகவரிகளில் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு முறையான காப்புப் பிரதி இருக்கவில்லை. அவை மீளக் கிடைக்கவில்லை. அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில். அதற்கான ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. மேம்படுத்தும் திட்டம் 2021 முதல் இருந்தும், நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் பிற்போடப்பட்டதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகமே கூறியது.

இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. யாரும் மேம்படுத்தக்கூடாது என்று முடிவெடுக்கவில்லை. எல்லோரும் பிறகு பார்ப்போம் என்றார்கள். காசு இல்லை என்பது உண்மையான காரணம்தான். ஆனால் தாக்குபவர் அதைக் கேட்பதில்லை. இரண்டாவது, பழைய மென்பொருளும் காப்புப் பிரதி இல்லாமையும் சேர்ந்தபோதுதான் அது திருத்தமுடியாத இழப்பானது. ஒன்றை உடனே மாற்ற முடியாவிட்டாலும் மற்றதை இன்றே செய்யலாம். இதற்குப் பின்னர் வருகிறேன்.

உங்கள் கணினிக்குத் தகுதி இருக்கிறதா?

விண்டோஸ் 10க்கு உண்மையான உரிமம் இருந்தால் விண்டோஸ் 11க்குப் போவது இலவசம். தடையாக இருப்பது வன்பொருள். 4 கிகாபைட் ரம், 64 கிகாபைட் சேமிப்பு என்பவை பெரும்பாலான கணினிகளில் இருக்கும் (4 கிகாபைட் ரம்மில் ஓடும் என்பது எழுத்தில்தான், 8 இல்லாமல் நிம்மதியாக வேலை செய்யமுடியாது). சிக்கல் மூன்று இடங்களில் வருகிறது: பாதுகாப்பான தொடக்கம் என்ற வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செயலியின் வயது.

இன்டெல் செயலியாயின், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கப்படும். எட்டாம் தலைமுறை 2017 ஓகஸ்டில் சந்தைக்கு வரத் தொடங்கியது. ஏஎம்டியாயின், பொதுவாக ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும். கணினியின் அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘அபௌட்’ என்ற பக்கத்தில் செயலியின் பெயர் இருக்கும். ஐ5-7200யூ என்றிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 என்பது ஏழாம் தலைமுறை, அது ஏற்கப்படாது. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, ஏற்கப்படும். ஐ5-1035 என்று நீண்டால் பத்தாம் தலைமுறை. மைக்ரோசொஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலி எல்லாவற்றையும் ஒரே தடவையில் சோதித்துச் சொல்லும்.

அது ‘டிபிஎம் இல்லை’ என்று சொன்னாலும் உடனே கைவிடவேண்டாம். எட்டாம் தலைமுறைக் கணினிகளில் அந்த வசதி பெரும்பாலும் செயலிக்குள்ளேயே இருக்கும். பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதைத் திறந்துவிட்டு மீண்டும் சோதிக்கலாம்.

பாவித்த மடிக்கணினி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லட்டிடியூட், எலைட்புக் வகைகள்தான் எங்களில் பலரின் வேலைக் கணினிகள். ஏழாம், எட்டாம் தலைமுறை மாதிரிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். விலையும் அதிகம் வித்தியாசப்படாது. திங்க்பேட் டி480 என்ற ஒரே பெயரிலேயே இரண்டு தலைமுறைச் செயலிகளும் வந்தன. ஆகவே மாதிரியின் பெயரை நம்பிக் காசைக் கொடுக்காமல், கடையிலேயே கணினியைத் திறந்து செயலியின் இலக்கத்தைப் பாருங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களின் தனிச் சிக்கல்

ஆங்கிலத் தொழில்நுட்பத் தளங்களில் இந்த முடிவு பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் இல்லாத ஒன்று எங்களுக்கு இருக்கிறது: எழுத்துரு.

எங்கள் பழைய கோப்புகளில் பெரும்பகுதி பாமினியில் இருக்கிறது. பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. அதில் ‘அம்மா’ என்று நாங்கள் பார்ப்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகள்தான். அவற்றின் மேல் தமிழ் உருவங்களை அணிவித்து வைத்திருப்பது எழுத்துருக் கோப்பு. அந்தக் கோப்பு புதிய கணினியில் இல்லையென்றால் இருபது வருட நேர்காணல்களும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் 11 பாமினியை ஏற்கும். பிரச்சினை அது அல்ல. வட்டை வெறுமையாக்கிப் புதிதாக நிறுவும்போது எழுத்துருக்களைப் பத்திரப்படுத்த மறந்துவிடுவதுதான் பிரச்சினை. 2018இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, சாதாரணமாக நிறுவும் எழுத்துரு பொதுவான எழுத்துருக் கோப்புறைக்குப் போகாமல் அந்தப் பயனரின் தனிக் கோப்புறைக்குப் போகிறது. பொதுக் கோப்புறையை மட்டும் பிரதி எடுப்பவர்களுக்கு அது தப்பிவிடும். இரண்டு இடத்திலும் பாருங்கள்.

லதா எழுத்துருவில் கோப்புகள் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் மேலதிகத் தமிழ் எழுத்துருத் தொகுப்பாக மாற்றப்பட்டுவிட்டன. புதிதாக நிறுவிய கணினியில் அவை இல்லாமல் இருக்கலாம். அமைப்புகளில் விருப்பத்துக்குரிய வசதிகள் பகுதியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். இயல்பாக வருவது நிர்மலா. யூனிகோட் எழுத்து என்பதால் சொற்கள் அழியாது. ஆனால் பக்க அமைப்பு குலையும்.

அடுத்தது விசைப்பலகை. விண்டோஸுக்குள் தமிழ்99 இருக்கிறது. ஆனால், எங்களில் பலரின் விரல்கள் பழகியது பாமினி அல்லது ரெங்கநாதன் அமைப்பு. இவற்றுக்கு ஈகலப்பை, கீமேன் போன்ற மேலதிக மென்பொருள்கள் வேண்டும். கீமேன் இலவசம், தொடர்ந்து பராமரிக்கப்படுவது, லினக்ஸிலும் ஓடும். பழைய என்எச்எம் ரைட்டரை நம்பியிருப்பவர்கள், மாற்றுவதற்கு முன்பே விண்டோஸ் 11 உள்ள நண்பரின் கணினியில் ஒரு மணி நேரம் தட்டச்சுச் செய்து பாருங்கள். பேஜ்மேக்கர் போன்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளுக்கும் இதே ஆலோசனைதான். சோதிக்காமல் ‘ஓடும்’ என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம்.

மேம்படுத்தும் சாட்டில் பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்ல யோசனை. ஆனால், இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றிப் பக்கங்களில் இரகசிய நேர்காணலைக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். அந்தப் பக்கத்தின் வழங்கி எங்கே இருக்கிறது, ஒட்டியதை யார் சேமிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கணினியிலேயே நிறுவி, இணையமின்றி ஓடும் மாற்றிகளைப் பாவிக்கலாம்.

முன்னால் இருக்கும் வழிகள்

முதலாவது வழி, தகுதியுள்ள கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றுவது. கணினி ஏற்கப்படுகிறது, முக்கிய மென்பொருள்கள் ஓடுகின்றன என்றால் இதைப் பிற்போடுவதற்குக் காரணம் இல்லை. விண்டோஸ் 11 வந்தது 2021 ஒக்டோபரில். ஆரம்பகாலச் சிக்கல்கள் பற்றிய பயம் இப்போது பொருந்தாது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: விண்டோஸ் 11இன் ஒவ்வொரு வருடப் பதிப்புக்கும் ஹோம், புரோ பாவனையாளர்களுக்கு இரண்டு வருட ஆயுள்தான். ஒரு தடவை மாற்றிவிட்டு மறந்துவிட முடியாது.

இரண்டாவது, அவகாசம் வாங்குவது. தனிநபர்களின் விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் தருகிறது. கணினி 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் இருக்கவேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு இல்லை. சம்மதிக்காவிட்டால் 30 அமெரிக்க டொலர் அல்லது ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000. முப்பது டொலர் என்பது இன்றைய மதிப்பில் 9,000 ரூபா அளவில் வரும். ஆனால் ஒரே பதிவைப் பத்துக் கணினிகள் வரை பாவிக்கலாம் என்பதால் ஒரு வீட்டுக்கு அது பெரிய செலவல்ல. இலவச வழியில் போவோர், சேமிக்கப்படுவது அமைப்புகள் மட்டுமா, ஆவணக் கோப்புறைகளுமா என்பதைப் பார்த்து, ஆவணங்களுக்கான தெரிவை அணைத்துவிடுங்கள். தாமதமாகப் பதிந்தாலும் அதுவரை வந்த புதுப்பிப்புகள் சேர்ந்தே கிடைக்கும்; பதியாமல் இருக்கும் காலத்தில்தான் ஆபத்து. நிறுவனங்களுக்கான கட்டணம் வேறு: கணினி ஒன்றுக்கு முதல் வருடம் 61 டொலர், பிறகு ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு, ஆகக் கூடியது மூன்று வருடம்.

மூன்றாவது, தகுதியில்லாத கணினியில் கட்டுப்பாடுகளைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11ஐ நிறுவுவது. கடைகளில் இதைச் செய்து தருகிறார்கள், ஓடவும் செய்யும். ஆனால், அப்படிப்பட்ட கணினிகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. புதுப்பிப்புக்காகவே மாறிவிட்டு, புதுப்பிப்பு நிச்சயமில்லாத இடத்தில் போய் நிற்பதில் அர்த்தமில்லை. விளையாட்டுக் கணினிக்குச் சரி. வேலைக் கணினிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நான்காவது, லினக்ஸ். லினக்ஸ் மின்ட் 22 என்ற பதிப்புக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது, இலவசம், பத்து வருடப் பழைய கணினியிலும் ஓடும். பென்ட்ரைவில் ஏற்றி, வட்டில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரே ஒஃபிஸ், ஒலிப்பதிவு திருத்தும் ஒடாசிட்டி, சிக்னல் எல்லாம் உண்டு. தமிழ் உள்ளீட்டுக்கு எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99உடன் ரெங்கநாதன் அமைப்பும் கிடைக்கும். விண்டோஸே தராத வசதி இது. அடோபி மென்பொருள்கள் ஓடா. வேர்டில் நுணுக்கமாக அமைத்த பக்கங்கள் சற்றுக் குலையும். எழுதுவதும் இணையமும்தான் வேலை என்றால் இது கடைசித் தெரிவு அல்ல, நல்ல தெரிவு.

ஐந்தாவது, பழைய கணினியை இணையத்திலிருந்து நிரந்தரமாகப் பிரிப்பது. பேஜ்மேக்கர் அங்கேதான் ஓடும், பழைய ஸ்கேனர் அதோடுதான் வேலை செய்யும் என்றால், வைஃபையை அணைத்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்திருங்கள். மின்னஞ்சல், வட்ஸ்அப் எதுவும் அதில் வேண்டாம். பென்ட்ரைவ் மூலமும் தொற்று வரலாம் என்பதால் அதற்கெனத் தனியாக ஒன்று வைத்திருப்பது நல்லது.

ஒரு வழியை மட்டும் முற்றாக ஒதுக்கிவிடுங்கள்: உரிமத்தை உடைத்துத் தரும் ‘அக்டிவேட்டர்’ மென்பொருள்கள். 2022இல் ரூபா வீழ்ந்த பிறகு உரிமம் வாங்குவது எங்களுக்குப் பாரமானது உண்மை. ஆனால், அவற்றில் பல நிறுவும்போதே டிஃபென்டரை அணைக்கச் சொல்லும். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் புதிய பூட்டுப் போடுவது போன்றது அது. காசு இல்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது.

மாற்றுவதற்கு முன்பு செய்யவேண்டியவை

காப்புப் பிரதி முதலில். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. இன்றும் அதுதான் சிறந்தது. வெளி வட்டில் எடுக்கும் பிரதியை வெராகிரிப்ட் போன்ற இலவச மென்பொருளால் மறையாக்கம் செய்யுங்கள். பிரதி எடுத்த வட்டு தொலைந்தால் கணினி தொலைந்ததற்குச் சமம். எடுத்த பிரதியிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பமுடியாது.

கோப்புகளோடு சேர்த்து எடுக்கவேண்டியவை: எழுத்துருக்கள், உலாவியின் கடவுச்சொற்கள், மென்பொருள் உரிம இலக்கங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகள். சிக்னலின் கணினிச் செயலியில் இருக்கும் உரையாடல்கள் வட்டை வெறுமையாக்கினால் அழிந்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

பிறகு, எப்படி மாற்றுவது என்பது. இருக்கும் நிலையிலேயே மேம்படுத்தினால் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாட்களுக்குள் அச்சுப்பொறி, ஒலிப்பதிவுக் கருவி, தமிழ் விசைப்பலகை எல்லாவற்றையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ஆனால், கணினி பாவித்ததாக வாங்கப்பட்டு, கடைக்காரர் போட்டுத் தந்த மென்பொருள்கள் என்னவென்று தெரியாமல் இருந்தால், வட்டை வெறுமையாக்கிப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு. நிறுவல் கோப்பை மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே எடுங்கள். அது 5 கிகாபைட்டுக்கு மேல் வரும். இரவு நேர டேட்டா உள்ள பொதியில் எடுத்தால் செலவு குறையும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லப்பட்டு நாடே இருண்ட அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. பயோஸ் புதுப்பிப்பின் நடுவில் மின்சாரம் போனால் கணினி எழும்பாமலே போகலாம். மடிக்கணினியின் பற்றரி நல்ல நிலையில் இருக்கவேண்டும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும்.

நாளும் முக்கியம். ஒரு கட்டுரையை ஒப்படைத்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியில் செய்யுங்கள். தேர்தல் வாரத்திலோ நீதிமன்றத் தீர்ப்பு வரும் நாளிலோ வேண்டாம். இரண்டு வாரம் பிற்போடுவது தவறல்ல. திகதி குறிக்காமல் பிற்போடுவதுதான் தவறு.

மாற்றிய பின்னர்

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பைப் புதிதாக நிறுவும்போது மைக்ரோசொஃப்ட் கணக்கு கேட்கும். 24எச்2 பதிப்பிலிருந்து, அப்படி நிறுவும் கணினிகளில் வட்டு மறையாக்கம் பெரும்பாலும் தானாகவே இயங்கும். கணினி திருடப்பட்டால் இது எங்களைக் காப்பாற்றும். ஆனால், அதன் மீட்புச் சாவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்படுகிறது. இதன் பொருள் இரண்டு. கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் உங்கள் வட்டே உங்களுக்குத் திறக்காமல் போகலாம். ஆகவே சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். மற்றது, அந்தச் சாவி உங்களிடம் மட்டும் இல்லை. மிக இரகசியமான கோப்புகளை வெராகிரிப்ட் பெட்டகத்துக்குள் தனியாக வைப்பது நல்லது.

திரையில் தெரிவதை இடைக்கிடை படம் பிடித்துச் சேமிக்கும் ‘ரீகோல்’ என்ற வசதியைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். அது கோபைலட் பிளஸ் என்று விற்கப்படும் புதிய வகைக் கணினிகளில் மட்டுமே உண்டு. அங்கும் பாவனையாளர் சம்மதித்தால்தான் இயங்கும். பழைய கணினியை மேம்படுத்துபவர்களுக்கு அது வராது. புதிய கணினி வாங்குவோர் அதை அணைத்து வையுங்கள். சிக்னல் செயலி 2025 மே மாதம் முதல் விண்டோஸ் 11இல் தனது திரையைப் படம் பிடிக்கவிடாமல் இயல்பாகவே தடுக்கிறது.

இவை எல்லாம் செய்தாலும், புதுப்பிக்கப்பட்ட இயங்குதளம் எல்லாவற்றையும் தடுக்காது. கடவுச்சொல்லைக் கேட்டு நேரில் வருபவரையும், நாங்களே அழுத்தும் பொய்யான இணைப்பையும் அது தடுக்காது. தடுக்கக்கூடியதைத் தடுக்கும் என்பது மட்டுமே அதன் பயன்.

எனது முடிவு

என்னிடம் இரண்டு கணினிகள் இருக்கின்றன. எட்டாம் தலைமுறை மடிக்கணினி பாவித்ததாக வாங்கியது. அதை வெறுமையாக்கி விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினேன். பாமினி எழுத்துருக்களைத் திரும்பப் போட்டு, கீமேனைப் பழக்கப்படுத்த ஒரு நாள் முழுக்கப் போனது. நான்காம் தலைமுறை மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது; ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது அதில்தான். ஆறாம் தலைமுறை மடிக்கணினியுடன் வன்னியிலிருந்து எழுதும் தோழி ஒருத்தி, பக்க அமைப்பு மென்பொருளை விடமுடியாததால், ஒரு வருட அவகாசத்துக்குப் பதிந்துவிட்டு மாதாமாதம் காசு சேர்க்கிறாள். அவளுடைய முடிவும் சரியானதே. எங்கள் மூன்று கணினிகளுக்கும் பொதுவானது ஒன்றுதான்: இணையத்தைத் தொடும் ஒவ்வொன்றுக்கும் அடுத்த மாதமும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்.

உங்கள் கணினியிலும் இந்த வாரம் அதை மட்டும் பாருங்கள். அமைப்புகளில் விண்டோஸ் புதுப்பிப்புப் பக்கத்தைத் திறந்து, கடைசியாகப் புதுப்பிப்பு வந்த திகதி எது என்று வாசியுங்கள். அது 2025 ஒக்டோபருடன் நின்றிருந்தால், மேலே சொன்ன வழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்து நாட்காட்டியில் ஒரு திகதியைக் குறியுங்கள். அதுவரை, காப்புப் பிரதியை இன்றிரவே எடுத்துவிடுங்கள்.